டெல்டாவில் மார்பகப் புற்றுநோய் இப்போது சீக்கிரமே தெரிந்துவிடுகிறதா?

8 ஜூன் 2025, காலை 7.10 – ஓடம்போக்கி

எங்கள் ஊர் மருத்துவ முகாமில் பேசியவர், முன்பெல்லாம் மார்பகப் புற்றுநோய் முற்றிய பிறகுதான் தெரியவரும், இப்போது விழிப்புணர்வு வந்துவிட்டதால் முக்கால்வாசிப் பேருக்கு முதல் ஸ்டேஜிலேயே தெரிந்துவிடுகிறது என்றார். எங்கள் தெருவில் சமீபத்தில் இரண்டு பேருக்கு வந்தது. இரண்டு பேருமே மூன்றாம் ஸ்டேஜ். முகாமில் சொன்னது சரியா? எங்கள் தெருதான் விதிவிலக்கா? வார்டில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

8 ஜூன் 2025, இரவு 9.20 – வலங்கைமான் செவிலியர்

முக்கால்வாசி என்பது உண்மையல்ல. உங்கள் தெரு விதிவிலக்கும் அல்ல. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மார்பகப் புற்றுநோயோடு மருத்துவமனைக்கு வந்தவர்களில் 57 சதவீதம் பேருக்கு நோய் கட்டியோடு நிற்காமல் சுற்றியுள்ள பகுதிக்கோ அக்குள் நெறிகளுக்கோ (நிணநீர்க் கணுக்களுக்கோ) பரவியிருந்தது. நாடு முழுவதற்குமான கணக்கு அது.

ஆனால் மாற்றமே இல்லை என்று சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நாகப்பட்டினமும் திருவாரூரும் தனி மாவட்டங்களாகப் பிரியவில்லை. எல்லாம் ஒரே தஞ்சாவூர் ஜில்லா. பெண்கள் அறுவைசிகிச்சை வார்டில் ஜன்னலோரக் கடைசிக் கட்டில், கட்டி உடைந்து புண்ணாகி வந்த யாராவது ஒருவருக்கு என்றே இருக்கும். வாடை தாங்காமல் பக்கத்துக் கட்டில்காரர் இடம் மாற்றிக் கேட்பார். மெட்ரோனிடசோல் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து, பாட்டில் அடியால் நசுக்கிப் பொடியாக்கிப் புண்ணில் தூவுவோம். ஓரிரு நாளில் வாடை குறையும். புழு வைத்திருந்தால் டர்பன்டைன் நனைத்த பஞ்சு. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த துணியைச் சலைன் விட்டு ஊறவைக்காமல் இழுத்தால் இரத்தம் கொட்டும், ஊறும்வரை காத்திருக்கவேண்டும். அந்த நேரம் முழுவதும் அந்தப் பெண் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பார்.

நான் ஓய்வு பெறும் காலத்தில் அந்த மாதிரி ஒருவரைக்கூடப் பார்க்காத மாதங்கள் வந்துவிட்டன. இந்த மாற்றத்தை என் கண்ணால் பார்த்தேன். நான்காம் ஸ்டேஜை ஒட்டி வந்துகொண்டிருந்தவர்கள் மூன்றுக்கும் இரண்டுக்கும் நகர்ந்திருக்கிறார்கள். முதல் ஸ்டேஜில் வருகிறவர் இன்றும் குறைவுதான்.

9 ஜூன் 2025, மாலை 6.05

ஸ்டேஜ் என்று எதைச் சொல்கிறார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மருத்துவர் மூன்று விஷயம் பார்க்கிறார்: கட்டியின் அளவு, அக்குளில் நெறி, உடலின் வேறு இடத்தில் பரவல். கட்டி 2 சென்டிமீட்டர் வரை, நெறியில் இல்லை என்றால் ஒன்று. 2 முதல் 5 வரை என்றால் பெரும்பாலும் இரண்டு. 5க்கு மேல் போய் நெறியும் இருந்தால் மூன்று. தோலைப் பிடித்துப் புண்ணாக்கிவிட்டால், கட்டி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மூன்றுக்குக் கீழே இறங்காது. எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை என்று போய்விட்டால் நான்கு.

பெண்கள் யாரும் சென்டிமீட்டரில் சொல்வதில்லை. புளியங்கொட்டை, கொட்டைப்பாக்கு, எலுமிச்சம்பழம் என்பார்கள். கேஸ் ஷீட்டில் மருத்துவர் அளந்து எழுதுவதற்கு முன்பே, அந்த வார்த்தையை வைத்து எனக்கு ஏறக்குறைய ஸ்டேஜ் தெரிந்துவிடும். கொட்டைப்பாக்கு என்றால் 2 சென்டிமீட்டர் பக்கம். நல்ல எலுமிச்சை என்றால் 5ஐ நெருங்குகிறது. “முதலில் புளியங்கொட்டை போலத்தான் இருந்தது சிஸ்டர், வலியே இல்லை, வலிக்காத கட்டிக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று இருந்துவிட்டேன்” என்று சொல்லிக்கொண்டு எலுமிச்சையோடு வந்தவர்கள்தான் அதிகம். வலி இல்லை என்பதே சந்தேகப்படவேண்டிய அடையாளம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே மாற்றம் வந்ததா என்று கேட்கும்போது என் மனத்தில் இருக்கும் கேள்வி ஒன்றுதான். புளியங்கொட்டைக்கும் எலுமிச்சைக்கும் நடுவிலிருந்த மாதங்களில் என்ன நடந்தது, அந்த மாதங்கள் இப்போது குறைந்திருக்கின்றனவா?

11 ஜூன் 2025, காலை 10.30

“மேமோகிராம் வந்ததால்தானே குறைந்தது” என்கிறவருக்கு: இல்லை. அறிகுறி எதுவும் இல்லாத பெண்களை வரிசையாக அழைத்து மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கும் தேசியத் திட்டம் இந்தியாவில் கிடையாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் மார்பகப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 0.9 சதவீதம். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நம் பக்கத்தில் வந்த மாற்றத்துக்குக் காரணம் தானே கட்டியைத் தொட்டுப் பார்த்த பெண் வாய்விட்டுச் சொல்லத் துணிந்தது. சொன்ன பிறகு போவதற்கு ஓரிடமும், செலவுக்கு 2009இலிருந்து அரசுக் காப்பீட்டு அட்டையும் இருந்தது. அட்டை வந்த பிறகு “அறுவைக்கு நகையை வைக்கவேண்டுமா சிஸ்டர்” என்ற கேள்வி குறைந்ததை நான் கவனித்திருக்கிறேன்.

15 ஜூன் 2025, மாலை 4.45

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் எழுதியிருக்கிறார்: முற்றிய நிலையில் வருகிறவர்களின் சதவீதம் பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் மகிழ்ச்சி அடையவேண்டியதுதானே, ஏன் முகம் சுளிக்கிறீர்கள் என்று.

அவர் பாடத்திலேயே பதில் சொல்கிறேன். ஒரு வட்டாரத்தில் ஒரு வருடத்தில் 40 பேர் ஆரம்ப நிலையில், 40 பேர் முற்றிய நிலையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி. பிறகு நகரத்தில் பரிசோதனை கூடுகிறது. ஆரம்ப நிலை 80 ஆகிறது. முற்றிய நிலை அதே 40. சதவீதம் 50லிருந்து 33க்கு இறங்கிவிட்டது. மேடையில் கைதட்டுவார்கள். ஆனால் முற்றிய நிலையில் வந்த பெண்களில் ஒருவர்கூடக் குறையவில்லை. பரிசோதனைக்குப் போனவர்கள் வேறு பெண்கள், முற்றிப்போய் வந்தவர்கள் வேறு பெண்கள்.

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. அமெரிக்காவில் 1976 முதல் 2008 வரை 40 வயதைத் தாண்டிய பெண்களுக்கு என்ன நடந்தது என்று இரண்டு ஆய்வாளர்கள் 2012இல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். மேமோகிராம் பரவிய அந்த முப்பது ஆண்டில் ஆரம்ப நிலை, லட்சம் பெண்களுக்கு 112லிருந்து 234 ஆக ஏறியது. முற்றிய நிலை 102லிருந்து 94க்குத்தான் இறங்கியது. சதவீதத்தை மட்டும் பார்த்தால் பிரமாதம். எண்ணிக்கையைப் பார்த்தால் எட்டு பேர்தான். அங்கே தேவைக்கு மேல் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது அவர்களுடைய கவலை. இங்கே கண்டுபிடிக்கவேண்டியவர்களையே பிடிக்கவில்லை என்பது நம்முடையது. கவலை வேறானாலும் கணக்கின் வலை ஒன்றுதான்.

ஆகவே முகாமில் யாராவது சதவீதம் சொன்னால், லட்சம் பெண்களுக்கு எத்தனை பேர் மூன்றிலும் நான்கிலும் வந்தார்கள், ஐந்து வருடம் முன்பு எத்தனை பேர் என்று எழுந்து நின்று கேளுங்கள்.

15 ஜூன் 2025, இரவு 10.10

மேலே சொன்னதோடு சேர்த்துப் படிக்க. நோயே கூடிக்கொண்டு வருகிறது. உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பின் 2022 மதிப்பீட்டில் இந்தியாவில் ஒரு வருடத்துக்குப் புதிதாக 1,92,000 பேர், இறப்பு 98,000. ஆயுள் நீண்டிருக்கிறது, முதல் பிள்ளை தாமதமாகிறது, பிள்ளைகள் குறைவு, பால் கொடுக்கும் மொத்தக் காலமும் குறைவு. இவை எல்லாம் சேர்ந்து மார்பகப் புற்றுநோயைக் கூட்டுகின்றன. மொத்தம் கூடும்போது சதவீதம் குறைந்தாலும் முற்றிய நிலையில் வரும் பெண்களின் தலைக்கணக்கு கூடலாம். வார்டில் கட்டில் போடுகிறவர்களுக்குத் தலைக்கணக்குதான் தெரியும்.

21 ஜூன் 2025, காலை 11.00

பழைய வருடத்தையும் புதிய வருடத்தையும் ஒப்பிடும்போது இன்னொரு சிக்கல்: அளவுகோலே மாறிவிட்டது.

காறை எலும்புக்கு மேலே நெறி கட்டியிருந்தால் 2000இல் அது நான்காம் ஸ்டேஜ். அதே பெண் அதே நெறியோடு 2004இல் வந்திருந்தால் மூன்று. ஸ்டேஜ் பிரிக்க மருத்துவர்கள் பின்பற்றும் விதிநூல் ஒன்று உண்டு; இடையில் 2003இல் நடைமுறைக்கு வந்த அதன் ஆறாம் பதிப்பு விதிகள், அதைத் தொலைதூரப் பரவல் என்ற கணக்கிலிருந்து எடுத்து நெறிக்கணக்கில் சேர்த்துவிட்டன. குணப்படுத்தும் நோக்கோடு மருத்துவம் செய்தால் இவர்களில் பலர் பிழைக்கிறார்கள் என்று தெரிந்ததால் வந்த மாற்றம், நியாயமான மாற்றம். அதே பதிப்பில் எதிர்த் திசையிலும் ஒன்று நடந்தது. அக்குளில் பத்தோ அதற்கு மேலோ நெறிகளில் நோய் இருந்தால், முன்பு இரண்டில் இருந்தவரும் மூன்றுக்கு ஏறினார். 2018இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்போ கட்டியின் செல்களில் இருக்கும் ஹார்மோன் ஏற்பிகளையும், செல்லை வளரத் தூண்டும் ஹெர்-2 புரதத்தையும், செல்கள் எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்ற தரத்தையும் சேர்த்துக்கொண்டது. ஒரே கட்டிக்கு உடற்கூற்றுக் கணக்கில் ஒரு ஸ்டேஜ், இந்தக் கணக்கில் வேறு ஸ்டேஜ் என்று வரலாம்.

ஸ்கேனும் இப்படித்தான் வேலை செய்கிறது. முன்பு எக்ஸ்ரேயில் தெரியாத புள்ளி இப்போது சி.டி.யில் தெரிகிறது. மூன்றில் எழுதியிருக்கவேண்டியவரை நான்கில் எழுதுகிறார்கள். மூன்றாம் கூட்டத்திலிருந்து மோசமானவர் விலகியதால் அந்தக் கூட்டத்தின் சராசரி ஆயுள் கூடும். நான்காம் கூட்டத்துக்கு அங்கே இருப்பவர்களைவிட லேசானவர் வந்து சேர்ந்ததால் அதன் சராசரியும் கூடும். எந்தப் பெண்ணுக்கும் ஒரு நாள் ஆயுள்கூட நீளாமல் இரண்டு கூட்டமும் முன்னேறியதாகத் தெரியும். 1985இல் ஃபைன்ஸ்டைன் என்ற மருத்துவரும் சகாக்களும் இதற்கு வில் ராஜர்ஸ் விளைவு என்று பெயர் வைத்தார்கள். ராஜர்ஸ் அமெரிக்க நகைச்சுவைக்காரர்.

21 ஜூன் 2025, பிற்பகல் 3.15

குடந்தை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “தஞ்சாவூரிலிருந்து நாலு பேர் கும்பகோணத்துக்குக் குடிவந்தால் இரண்டு ஊரிலும் சராசரி அறிவு கூடும் என்கிறீர்களா?” கும்பகோணத்துக் குசும்பு என்றால் இதுதான். சிரித்துவிட்டேன். ராஜர்ஸ் சொன்னதும் ஏறக்குறைய இதேதான், ஊர்கள்தாம் வேறு. தஞ்சாவூர்க்காரர்கள் அவரோடு தனியாகப் பேசிக்கொள்ளட்டும்.

2 ஜூலை 2025, இரவு 8.30

குடமுருட்டியில் தண்ணீர் வந்து எங்கள் பக்கம் குறுவை நடவு மும்முரம். இதற்கும் மார்பகக் கட்டிக்கும் சம்பந்தம் உண்டு.

ஜூன் 9 குறிப்பில் நடுவிலிருந்த மாதங்கள் என்று எழுதினேனே, அவற்றை இங்கே வேளாண் வேலைதான் பங்கு போடுகிறது. நடவு முடியட்டும். களை எடுத்து முடியட்டும். சம்பா அறுப்பு முடியட்டும். உளுந்து பிடுங்கிவிட்டால் கையில் நாலு காசு இருக்கும், அப்போது பார்க்கலாம். கூலி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு நடவு நாளும் அறுப்பு நாளும்தான் வருமானம். அந்த நாளை விட்டால் குழுவில் வேறு ஆள் சேர்த்துக்கொள்வார்கள். ஐப்பசியில் தொட்டுப் பார்த்த கட்டியை மாசியில் காட்டுவார்கள். மாசி, பங்குனியில் எங்கள் புறநோயாளிப் பிரிவில் மார்பகக் கட்டியோடு வருகிறவர்கள் கூடுவார்கள் என்பது அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். யாரும் இதை எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

சொந்த நிலம் உள்ள வீட்டில் காரணம் வேறு. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாய்க்குப் புற்றுநோய் என்று வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்று, கல்யாணம் முடியும்வரை ரவிக்கைக்குள் மறைத்து வைத்திருந்த தாய்மார்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். பந்தல் பிரித்த மறுவாரம் வருவார்கள். கையில் மருதாணிகூட அழிந்திருக்காது.

பஸ் விஷயத்தில் ஒன்றைப் பாராட்டவேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கிராமத்திலிருந்து பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு வரப் புருஷனிடம் காசு கேட்கவேண்டாம், எதற்கு என்று காரணம் சொல்லவேண்டாம். ஆனால் ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பரிசோதனைக்குத் தஞ்சாவூர் போ என்று எழுதிக் கொடுத்தால் அது வெளியூர் பஸ். டிக்கெட் வாங்கவேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், ஒரு நாள் கூலி போகும். பலர் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

3 ஜூலை 2025, காலை 6.50

வேண்டுதல் பற்றிக் கேட்டவருக்கு. எங்கள் ஊர் மகாமாரியம்மன் கோயிலில் பங்குனித் திருவிழாவில் பாடைக்காவடி எடுப்பதை நாடே அறியும். பிழைக்கமாட்டார் என்று கைவிட்டவர் பிழைத்தால், பாடையில் படுத்து ஊர்வலமாக வந்து வேண்டுதலைச் செலுத்துவார். புற்றுநோய்க்காக வேண்டிக்கொண்டவர்களும் உண்டு. நானும் அந்தக் கோயிலில் கும்பிடுகிறவள்தான். வேண்டிக்கொள்வதை ஒருநாளும் தடுத்ததில்லை. வேண்டிக்கொண்ட அன்றே புறநோயாளிச் சீட்டும் வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். பச்சிலைப் பற்றுப் போட்டு, கட்டி உடைந்தால் விஷம் இறங்கிவிடும் என்று சொல்கிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. உடைந்தால் மூன்றாம் ஸ்டேஜ். இறங்குவது ஒன்றுமில்லை.

19 ஜூலை 2025, இரவு 9.00

தாமதம் எல்லாம் பெண்களால் வருவதல்ல. என் நாத்தனாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் மருத்துவமனைப் பெயரும் வேண்டாம்.

அவர் கட்டியைக் கண்டதும் தயங்காமல் போனார். கொட்டைப்பாக்கு அளவு. அங்கே கையால் தொட்டுப் பார்த்து, கொழுப்புக் கட்டிதான் என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, அன்றைக்கே கீறி எடுத்துவிட்டார்கள். நாலு தையல். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. ரசீது இருக்கிறது, மாத்திரைச் சீட்டு இருக்கிறது, கட்டி என்ன என்று சொல்லும் ஒரு தாள் இல்லை. அடுத்த வருடம் அதே தழும்பின் ஓரத்தில் கெட்டியாக மறுபடி வந்தது. அப்போது அக்குளிலும் நெறி. மூன்றாம் ஸ்டேஜ் என்று எழுதினார்கள். கணக்கில் அவர் தாமதமாக வந்த பெண். உண்மையில் அவர் புளியங்கொட்டைப் பருவம் தாண்டிய உடனே போனவர்!

மார்பகத்தில் கட்டி என்றால் முறை இதுதான்: முதலில் கையால் பரிசோதனை, பிறகு வயதைப் பொறுத்து ஸ்கேனோ மேமோகிராமோ, பிறகு ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பது. கத்தி அதற்குப் பிறகுதான். எந்தக் காரணத்துக்காகக் கட்டியை வெட்டி எடுத்தாலும் அது பார்மலின் பாட்டிலில் போட்டுப் பரிசோதனைக்கூடத்துக்குப் போகவேண்டும். தையல் பிரிக்கப் போகும்போது “ரிப்போர்ட் எங்கே?” என்று கேளுங்கள். அந்தத் தாள் உங்களுடைய சொத்து.

20 ஜூலை 2025, காலை 8.05

“கத்தி பட்டால் பரவிவிடும், ஊசி குத்தினாலும் பரவும் என்கிறார்களே.” பரவாது. ஊசிப் பரிசோதனையால் ஸ்டேஜ் ஏறுவதில்லை. பரிசோதனைக்குப் பிறகு நோய் பரவியதாகத் தோன்றுவதற்குக் காரணம், வந்தபோதே பரவியிருந்தது அப்போதுதான் தெரியவருகிறது.

10 ஆகஸ்ட் 2025, மாலை 5.30

ஜூன் 11 குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், மேமோகிராமும் இல்லையென்றால் நம்மால் ஒன்றும் முடியாதா என்று சோர்ந்துபோய் எழுதியிருக்கிறார். முடியும். நம் நாட்டிலேயே செய்துகாட்டியிருக்கிறார்கள்.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயதுவரை ஒன்றரை லட்சம் பெண்கள். பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். மறுபாதிக்கு விழிப்புணர்வுப் பேச்சு மட்டும். 2021இல் முடிவு வந்தது. மூன்று, நான்காம் ஸ்டேஜில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பேச்சு மட்டும் கேட்டவர்களில் 47 சதவீதம், கைப் பரிசோதனை செய்யப்பட்டவர்களில் 37 சதவீதம். 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் 15 சதவீதம். அது புள்ளியியல்படி உறுதியானதல்ல. 50க்குக் கீழே பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

திருவனந்தபுரத்தில் 2006இல் தொடங்கிய சோதனையிலும் இதே திசைதான். ஆரம்ப நிலையில், அதாவது இரண்டாம் ஸ்டேஜின் முதல் பாதிக்குள், கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பரிசோதனை செய்யப்பட்ட பகுதிகளில் 43.8 சதவீதம், மற்றப் பகுதிகளில் 25.4.

இங்கேயும் கணக்கு வாத்தியார் சதவீதம்தானே என்று கேட்பார், கேட்கவேண்டும். மும்பைக் கணக்கில் எனக்கு நம்பிக்கை வருவது ஸ்டேஜ் சதவீதத்தால் மட்டும் அல்ல, 50 தாண்டியவர்களின் இறப்பும் சேர்ந்து குறைந்ததால்தான்.

சுயபரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. ஷாங்காயில் 2,66,000 ஜவுளித் தொழிலாளிப் பெண்களை வைத்து, சுயபரிசோதனையைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் வந்த முடிவில் இறப்பு குறையவில்லை. ஆகவே மாதாமாதம் கண்ணாடி முன் நின்று குறிப்பிட்ட முறையில் தடவாவிட்டால் பாவம் என்று பெண்களைப் பயமுறுத்தாதீர்கள். குளிக்கும்போது வழக்கத்துக்கு மாறாக ஒன்று கையில் தட்டுப்பட்டால், காம்பு உள்ளே இழுத்தால், காம்பிலிருந்து இரத்தம் கசிந்தால் அந்த வாரமே காட்டுங்கள். இதுபோதும்.

14 செப்டம்பர் 2025, இரவு 10.40

இன்றைக்குக் கோபமாகத்தான் எழுதுகிறேன். “என் அத்தாச்சி பள்ளி ஆசிரியை. படித்தவரே இப்படி அலட்சியமாக இருந்து மூன்றாம் ஸ்டேஜில் போய் நின்றால் என்ன சொல்வது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

ஒன்றும் சொல்லாதீர்கள். அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

மூன்றாம் ஸ்டேஜ் என்றாலே அலட்சியம் என்று பொருள் இல்லை. ஹார்மோன் ஏற்பியும் ஹெர்-2வும் இல்லாத வகைக் கட்டிகள் பல வேகமாக வளரும்; நம் நாட்டில் அந்த வகை மேலை நாடுகளைவிட அதிகம். நம் பெண்களுக்கு நோய் வரும் வயதும் அங்கே இருப்பதைவிட ஏறக்குறைய பத்து ஆண்டு முந்தையது. அழற்சி வகை என்று ஒன்று இருக்கிறது. அதில் கட்டியே தட்டுப்படாமல் போகலாம். மார்பகம் சிவந்து, வீங்கி, தோல் ஆரஞ்சுத் தோலைப் போல் குழி குழியாகிவிடும். வாரக்கணக்கில் நடந்துவிடும். தெரியவரும்போதே அது மூன்றாம் ஸ்டேஜ்தான். அதற்குக் கீழே அந்த வகைக்கு ஸ்டேஜே கிடையாது. பால் கட்டிக்கொண்டது, சீழ் வைத்திருக்கிறது என்று ஆன்டிபயாடிக் கொடுத்துக் கொடுத்து அனுப்பிய கதைகள் எத்தனை! மருந்து முடிந்தும் சிவப்பு அடங்கவில்லை என்றால் மறுபடி அதே மருந்துக்குச் சம்மதிக்காமல் ஊசிப் பரிசோதனை கேட்கவேண்டும்.

உங்கள் அத்தாச்சிக்கு எந்த வகை என்று நீங்கள் கேட்டீர்களா? முதலில் யாரிடம் காட்டினார், அவர் என்ன சொன்னார் என்று கேட்டீர்களா? ஸ்டேஜ் எண்ணை வைத்துப் பெண்ணின் குணத்தை எடைபோடும் பழக்கம் ஒழிந்தாலே பலர் சீக்கிரம் வருவார்கள். திட்டு விழும் என்று பயந்தே மறைத்தவர்களை எனக்குத் தெரியும். மூன்றாம் ஸ்டேஜ் குணமாக்கும் நோக்கோடு மருத்துவம் செய்யப்படும் ஸ்டேஜ் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். கீமோ, அறுவை, கரண்ட் வைப்பது (கதிர்வீச்சுச் சிகிச்சை) எல்லாம் முடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள்.

5 அக்டோபர் 2025, காலை 9.15

அக்டோபர் வந்துவிட்டது, கட்டடங்களுக்கு இளஞ்சிவப்பு விளக்குப் போடுவார்கள். போடட்டும். எனக்கு வேண்டியது வேறு.

டெல்டாவுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான அரசின் முன்னோட்டப் பரிசோதனைத் திட்டம் 2007இல் தஞ்சாவூரிலும் தேனியிலும்தான் தொடங்கியது. செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பெண்கள் வந்தார்கள். 2012இல் மாநிலம் முழுவதும் விரிந்தபோது 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கையால் மார்பகப் பரிசோதனையும் சேர்ந்தது. அதே ஆண்டு புற்றுநோய்ப் பதிவேடும் மாநிலம் முழுமைக்கும் என்று ஆனது. ஆகவே அடித்தளம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சியில் மூன்று எண்கள்: 60 சதவீதம் பேரை ஒன்று, இரண்டாம் ஸ்டேஜிலேயே கண்டுபிடிப்பது, முதலில் காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்வது, 80 சதவீதம் பேர் மருத்துவத்தை முழுவதும் முடிப்பது. முதல் எண்ணைத்தான் எல்லோரும் மேடையில் சொல்கிறார்கள். ஒரு கிராமத்துச் செவிலியர் கையில் இருப்பது நடு எண்.

ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் மூன்று தேதிகள் எழுதவேண்டும் என்பது என் கோரிக்கை. கட்டியை அந்தப் பெண் முதலில் கண்டது எப்போது. நம்மிடம் வந்து சொன்னது எப்போது. ஊசிப் பரிசோதனை முடிவு கைக்கு வந்தது எப்போது. முதல் இடைவெளி நீளமாக இருந்தால் ஊரில் பேசவேண்டும், நடவுக்கும் அறுப்புக்கும் நடுவில் முகாம் போடவேண்டும். இரண்டாவது நீளமாக இருந்தால் தவறு நம்முடையது. பஸ்ஸுக்கு வழிசெய்யவேண்டும், பரிசோதனையைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுவரவேண்டும். ஸ்டேஜ் எண் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. அதைப் பார்த்து யாரைத் திருத்துவது என்றே தெரியாமல் போகிறது.

12 அக்டோபர் 2025, இரவு 8.20

ஓடம்போக்கிக்கு. உங்கள் மாமியாருக்கு அக்குளில் நெறி தட்டுப்படுகிறது, தீபாவளி முடிந்து போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நாளை திங்கட்கிழமை, காலை முதல் பஸ்ஸிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அறுவைசிகிச்சைப் புறநோயாளிப் பிரிவுக்குப் போங்கள். குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, ஆதார், முன்பு எடுத்த ஸ்கேன் எதுவாக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டும் வேண்டும். முன்பக்கம் பொத்தான் வைத்த ரவிக்கை போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். முதலில் எப்போது தட்டுப்பட்டது என்று அவரிடமே கேட்டு, தமிழ் மாதமாகச் சொன்னாலும் அப்படியே ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். எதற்கு இத்தனை நாள் சொல்லவில்லை என்று வழியில் கேட்காதீர்கள்.